முந்தித் தெரிந்துகொண்ட குற்றம்

நெடுங்கரை நாட்டில் எதையும் முதலில் அறியும் உரிமை பேரரசர் ஒருவருக்கே உண்டு. மழை பெய்தால்கூட அரண்மனை அறிவித்த பிறகுதான் குடிமக்கள் குடை விரிக்க வேண்டும். நனைந்தவர்கள் ராஜபக்தர்கள் எனப்பட்டார்கள்.

அந்த நாட்டில்தான் இளவேட்டன் என்ற விஞ்ஞானி பிறந்து தொலைத்தான். வானத்துக்கு அலைகளை அனுப்பி, அவை எதன்மீதாவது பட்டுத் திரும்பினால் திரையில் புள்ளியாகக் காட்டும் ரேடார் கருவியை ஒன்பது வருடம் பாடுபட்டுச் செய்தான். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று பூரித்துப்போய் அரசவையில் இயக்கியும் காட்டினான்.

"அப்படியானால் எதிரி வருவது பேரரசருக்கு முன்பே உமக்குத் தெரிந்துவிடும்?" என்று கேட்டார் பாதுகாப்பு அமைச்சர் மகரவாணர்.

ஆமென்று தலையாட்டினான், பாவம். பத்தாண்டுச் சிறை விதித்தார்கள்.

மறுவருடம் போர் மூண்டது. இளவேட்டன் துரோகிதான், கருவி மட்டும் தேசபக்தி உள்ளது என்று அமைச்சரவை தீர்மானம் போட்டது. சிறையின் மாடியில் அதைப் பொருத்தி, அவனையே காவலுக்கு உட்கார வைத்தார்கள்.

ஒரு நாள் காலையில் திரையில் முப்பது புள்ளிகள் தெரிந்தன. எல்லாம் புன்னையூரை நோக்கிப் போயின. அவன் மனைவி குயிலினி அங்கேதான் இருந்தாள். சிறை அதிகாரியிடம் ஓடினான்.

"ஐயா, புன்னையூர் மேல குண்டு போட வர்றாங்க. இருபது நிமிஷம்தான் இருக்கு. அபாயச் சங்கு ஊதச் சொல்லுங்க."

அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். "நான் எதையும் கேக்கலப்பா. கேட்டா, மன்னருக்கு முந்தி எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும்."

கெஞ்சிக் கூத்தாடியபின் அமைச்சருக்குத் தொலைபேசி போனது. முதல் சொல்லிலேயே அவர் வைத்துவிட்டார். பேரரசரிடம் போய்ச் சொல்பவன் அவருக்கு முன்பே அறிந்தவனாகிவிடுவானே! ஆகவே யாரும் சொல்லவில்லை. புன்னையூர் எரிந்தது. புள்ளிகள் வந்த வழியே திரும்பிப் போவதை இளவேட்டன் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடுதலை ஆணையும் பதக்கமுமாக அமைச்சரே வந்தார்.

"உமது கருவியால் பேரரசருக்கு முன்பாக நேற்று ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. உமது காவல் அப்பழுக்கற்றது."

இளவேட்டனுக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. மனைவியைப் பற்றி மட்டும் கேட்டான். அமைச்சர் பட்டியலைப் புரட்டினார்.

"குயிலினி. உயிரோடு இருக்கிறார்."

அவன் அவர் காலில் விழப்போனான்.

"விமானச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் வாய்க்காலில் படுத்திருக்கிறார். அப்படித் தப்பியவர்கள் நாற்பது பேர். அரண்மனை அறிவிக்குமுன் அறிந்த குற்றத்துக்காக நாற்பது பேருக்கும் நாளைக்குத் தூக்கு. சற்று நிமிர்ந்து நில்லும், பதக்கம் குத்த வேண்டும்."