கழட்டு மாமாவின் மியூசியமும் என் வயிற்றெரிச்சலும்

ஹைதராபாத் முழுக்கச் சலித்தாலும் கழட்டு மாமாவைப்போல் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட ஆள் கிடைக்க மாட்டார். நிஜப் பெயர் எங்கள் ஹப்சிகுடா ஏரியாவில் யாருக்கும் தெரியாது. சனத்நகர் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில், ஆடிய மேஜையைத் திருகி நிறுத்திவிட்டுத்தான் சாம்பார் கேட்டார்.

அவர் வீட்டுக் கார் ஷெட்டில் கார் கிடையாது. ஒரு நாள் அதன் கதவில் சாக்பீஸால் 'குழந்தைகள் மியூசியம்' என்று எழுதினார். திறந்த அன்று உள்ளே இருந்தவை செத்துப்போன மிக்ஸி, டேபிள் ஃபேன், இஸ்திரிப் பெட்டி. இதற்கு எவன் வருவான் என்று தெருவில் நின்று சிரித்தேன். முதலில் போனது என் பெண் மீனு!

டிக்கெட் இல்லை. கெட்டுப்போன சாமான் ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். கொண்டுவந்தவரே அதைக் கழட்டி, ஏன் கெட்டது என்று கண்டுபிடித்து, அட்டையில் எழுதி ஒட்ட வேண்டும். ஒரு கிரைண்டரில் 'காரணம்: அம்மா கரண்டியை உள்ளே விட்டுட்டாங்க' என்று அட்டை ஏறியது. அந்த அம்மா ரெண்டு வாரம் தெருவில் தலைகாட்டவில்லை. ஆறே மாதத்தில் ஷெட் நிரம்பி, மாமா ஹாலையும் கொடுத்தார். அப்புறம் அவர் கட்டிலே வராந்தாவுக்கு வந்துவிட்டது. சனத்நகரிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது வயது மீனு, நான் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். கோளரங்கத்துக்குக் கூட்டிப்போனேன், தூங்கினாள். டெலஸ்கோப் வாங்கிக் கொடுத்தேன், அதில் சாக்ஸ் காயப்போட்டாள். மாமாவின் ஷெட்டில் மட்டும், "மாமா, இந்த நட்டு டைட்டா இருக்கு, நீங்க கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்று தமிழ் கொட்டுகிறது! பெற்ற அப்பன் நான் எதற்கு இருக்கிறேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று போனேன். வாசலிலேயே மறித்தார்.

"என்ன கொண்டாந்தீங்க சார்?"

"நான் மீனுவோட அப்பாங்க."

"ஹவ், ஆமா, தெரியும். கெட்டுப்போன சாமான் எங்க?"

"வீட்ல இருந்த எல்லாத்தையும் அவதான் இங்க கொண்டாந்துட்டாளே!"

"அப்ப நக்கோ சார், உள்ள விட முடியாது. கலெக்டரே வந்தாலும் இதான் ரூலு."

உள்ளேயிருந்து மீனு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தேன். சாவி கொடுத்தால் சமர்த்தாக ஓடும் அலாரம் கடிகாரம் ஒன்று இருந்தது. பின்மூடியைத் திறந்து பல்சக்கரத்துக்குள் ஒரு தீக்குச்சியைச் செருகினேன். நின்றது. எஞ்சினியரிங் படித்தவன் செய்கிற காரியமா இது?

கடிகாரத்தோடு திரும்பிப் போனதும் மீனு குதித்தாள். "அப்பா, நீ கழட்டு, நான் சொல்லித் தரேன்!"

தமிழ்! என்னிடம்! சந்தோஷத்தில் மூன்று ஸ்க்ரூவைக் கழட்டிவிட்டேன். நாலாவதில்தான் உறைத்தது. மூடி திறந்தால் தீக்குச்சி தெரியும், என் மானம் கப்பலேறும். எனக்கு வியர்த்தது.

மாமா என் முகத்தைப் பார்த்தார். "மீனுக் கண்ணு, உள்ளபோய் லென்ஸ் எடுத்துட்டு வாம்மா."

அவள் திரும்பியதும் நாலாவது ஸ்க்ரூவையும் கழட்டி, மூடியைத் தூக்கி, தீக்குச்சியை உருவித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கடிகாரம் டிக் டிக்கென்று ஓட ஆரம்பித்துவிட்டது. லென்ஸோடு வந்த மீனுவுக்கு ஒரே ஆச்சரியம்.

"ஓடுதே! அப்ப ஏன் மாமா நின்னுச்சு?"

சத்தத்தை வைத்தே மோட்டாரின் ஜாதகம் சொல்கிறவர், தலையைச் சொறிந்தார். "புரியலையேம்மா."

மீனு அப்படியே எழுதி ஒட்டினாள். அந்த மியூசியத்தில் ஓடுகிற சாமான் அது ஒன்றுதான். 'காரணம்: தெரியவில்லை' என்று அட்டை இருப்பதும் அதற்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நானும் மீனுவும் போகிறோம். மாமா அதற்குச் சாவி கொடுப்பார். கொடுக்கும்போது என் பக்கம் திரும்பவே மாட்டார்.