கொப்பி அண்ணை தொடாத லப்ரொப்

அன்று சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் கொக்குவில் வீட்டு ஹோலில் யார் யார் இருந்தோம் என்பதை முதலே சரியாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு ஆரும் வந்து தானும் நின்றதாகக் கதைக்கக்கூடாது. தையல்காரியான நான். என்ரை மகள் தர்சினி. பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு என்ரை மனுசன். மேசையில், ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி ரதி அனுப்பிய, அப்பளம் மாதிரி மெல்லிய ஒரு லப்ரொப். அதற்கு முன்னால், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடி கொப்பி அண்ணை.

கொம்பியூட்டரைத் தொடாமலே கொம்பியூட்டர் திருத்துகிற மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். இரண்டாவது ஆளைக் கண்டவர்கள் இருந்தால் எனக்கு எழுதி அனுப்பலாம்.

மானிப்பாயிலிருந்து சைக்கிளில் வருவார். பையில் திருப்புளி இருக்காது, வயர் இருக்காது. ஒரு எண்பது பக்கக் கொப்பி, பென்சில், அடிமட்டம், அழிறப்பர். சோதினைக்குப் போகிற பிள்ளை தோற்றுப்போகும். எந்த மெசினென்றாலும், ஒன்றை மாற்றுவதற்கு முதல் அதில் இருக்கிற எல்லாவற்றையும் கொப்பியில் எழுத வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஒருமுறை ஒரு வீட்டில் பிறின்ரர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். அதோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். தமிழும் இங்கிலிசும் இல்லாத பக்கங்களையும் விடவில்லை. "பாசை தெரியாட்டி என்ன, படம் கிடக்குது" என்றாராம். பின்னேரம் பிறின்ரர் வேலை செய்தது.

எங்களுக்கு வந்த பிரச்சினை இது. கொழும்பில் ஒரு கொம்பனி தர்சினிக்கு வேலை தர யோசித்திருந்தது, வீட்டிலிருந்தே செய்கிற வேலை. அதற்கு முதல் ஒரு சோதினை. அன்று பின்னேரம் நாலு மணிக்கு, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, லப்ரொப்புக்குள்ளே இன்னொரு கொம்பியூட்டரை ஓட்டிக் காட்ட வேண்டும். ஆனால் அந்தப் புரோகிராமைத் திறந்தாலே, உள்ளே வேர்ச்சுவலைசேசன் நிற்பாட்டிக் கிடக்குது, அதைப் போடு என்று ஒரு வசனம் வந்து நிற்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ரவுணில் ஒரு கடையில் கேட்டோம். "வைச்சிட்டுப் போங்கோ, புதன்கிழமை பாப்பம். மதர்போட் எரிஞ்சா நாங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். எரிஞ்சா என்ற சொல்லோடு எனக்கு இரவு நித்திரை போய்விட்டது. அதனால்தான் கொப்பி அண்ணை.

"பிள்ளை, நீதான் அமத்த வேணும். உன்ரை சாமான்" என்றார் தர்சினிக்கு. "மெசினைப் போட்ட உடன மேல் வரிசையில எஃப் ரூ விசையை அமத்து, அதுதான் உள்ள போற வாசல். அமத்திக்கொண்டே இரு."

தர்சினி அமத்தினாள். லப்ரொப் செய்த கொம்பனியின் பெயர் மின்னி மறைந்தது, வழக்கமான படம் வந்துவிட்டது. மறுபடி. மறுபடியும். கொப்பி அண்ணை மாட்டுவண்டிச் சவாரிக்குக் கொடி காட்டுகிறவர் மாதிரி "இப்ப" என்பார், அவள் தட்டுவாள், வண்டில் வேறு பக்கம் போய்விடும். ஒவ்வொரு முறைக்கும் கொப்பியில் ஒரு கோடு. பதினேழு கோடு.

"மாமா, செற்றிங்ஸுக்குள்ளாலயும் போக வழி இருக்கு" என்றாள் தர்சினி.

"முன்வாசல் கிடக்க, ஓட்டைக் கழட்டி இறங்கிறதோ? கதவு ஏன் திறக்கேல்லை எண்டு முதல் தெரிய வேணும்."

அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

லப்ரொப் வந்த அன்று, புதுச் சாமான் என்று மூடியில் சந்தனப் பொட்டு வைத்தேன். மூடி வெளிப்பக்கம்தானே, வேலை நடக்கிறது உள்ளுக்குள் அல்லவா என்று யோசனை வந்தது. திரையில் வைக்கப் பயம். மேல் வரிசையில் சின்னச் சின்ன விசைகள் இருந்தன. தர்சினி அவற்றை ஒருநாளும் தொட்டதை நான் காணவில்லை. சரி, பாவிக்காத இடம் என்று நினைத்து, ஒன்றில் கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டேன். அடுத்தநாள் துடைத்ததும் உண்மை. கீழே இறங்கினது இறங்கினதுதான்.

பதினெட்டாவது கோட்டுக்கு அவர் பென்சிலை எடுத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, ஒரு விசயம்."

சொன்னேன். மனுசன் பிடித்திருந்த பேப்பர் குலுங்கத் தொடங்கியது. தர்சினி "அம்மா" என்று மட்டும் சொன்னாள், ஆனால் அதற்குள் ஒரு பந்தி இருந்தது. கொப்பி அண்ணை சிரிக்கவில்லை. வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினார்.

"எஃப் ரூ வேலை செய்யேல்லை. காரணம், சந்தனம். எங்கத்தையச் சந்தனம், தங்கச்சி?"

"கீரிமலையில தந்தது, அண்ணை."

அதையும் எழுதினார்.

"இனி இது உங்கடை வேலை. மெசினை முழுக்க நிப்பாட்டி, வயரைக் கழட்டிப்போட்டு, உங்கடை தையல் ஊசி ஒண்டால மெல்லமாக் கிண்டுங்கோ. வாயால ஊதக்கூடாது, ஈரம் உள்ளுக்க போயிடும்."

வாழ்க்கையில் எத்தனையோ சாறிக்கு மணி கோத்த கை அது. விசையின் நாலு ஓரத்தாலும் ஊசியை ஓட்டி, லப்ரொப்பைச் சரித்துப் பிடித்தேன். வெள்ளைக் கடதாசியில் மஞ்சள் தூள் கொட்டியது. கொப்பி அண்ணை அதை ஒரு விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அந்த லப்ரொப்பில் இருந்த சாமானில் அவர் தொட்டது அது ஒன்றைத்தான்.

பத்தொன்பதாவது முறை வாசல் திறந்தது. எழுத்து நிறைந்த ஒரு திரை வந்தது. "அண்ணை, வந்திட்டுது, அதைப் போட்டு விடுங்கோவன்" என்றேன்.

"பொறுங்கோ. ஃபானை நிப்பாட்டுங்கோ, கொப்பி பறக்குது."

வேர்த்து ஒழுக ஒழுக எழுதினார். நாலு திரை. அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டு, எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று வரிவரியாக. தர்சினி தன் போனை நீட்டினாள். "மாமா, ஒரு செக்கனில படம் எடுத்துத் தாறன்."

"எடு பிள்ளை. படம் உன்ரை போனில கிடக்கட்டும். எழுதினது என்ரை மண்டையில கிடக்கும்."

மணி பதினொன்றரை. மனுசன் அப்போதுதான் பேப்பரைக் கொஞ்சம் இறக்கினார். "உந்த வேர்ச்சுவல் எண்டது என்ன சாமான்?"

"வீட்டுக்குள்ள ஒரு அறையைப் பிரிச்சு வாடகைக்கு விடுறது மாதிரி" என்றார் கொப்பி அண்ணை. "வீடு ஒண்டு, குடி ரெண்டு. அதுக்குப் பிரதேச சபை அனுமதி வேணும். அனுமதிக் கடிதம் உள்ளுக்கதான் கிடக்கு. பூட்டி வைச்சு அனுப்பிப் போட்டினம்."

"ரெண்டு குடிக்கு இந்த மெல்லிய சாமான் தாங்குமோ, அண்ணை? பாரம் கூடாதோ?" என்றேன். மகள் மேசையில் தலையை வைத்துவிட்டாள்.

கடைசியில் அந்த வரிக்கு வந்தார்கள். தர்சினியின் விரல் என்ரர் விசையில். கொப்பி அண்ணை "நில்" என்றார். "திறப்பு எங்கை?"

"என்ன திறப்பு?"

"இதுக்குள்ள கை வைச்சா, மெசின் சிலவேளை கள்ளன் வந்திட்டான் எண்டு நினைச்சு எல்லாத்தையும் பூட்டிப்போடும். பிறகு நாப்பத்தெட்டு இலக்கத் திறப்பு ஒண்டு கேக்கும். அது இல்லாட்டி உள்ள இருக்கிறது ஒண்டும் திரும்பி வராது. எனக்குத் தெரிஞ்ச ஒரு மெசின் உப்பிடித்தான் போனது."

"ஆற்றை மெசின், அண்ணை?"

"என்ரைதான். மனுசி பாடின நாலு தேவாரம் இருந்தது அதுக்குள்ள. வேற இடத்தில இல்லை." கொப்பியின் பக்கத்தைத் திருப்பினார். "நான்தான் அமத்தினனான்."

கைகள் மறுபடி முதுகுக்குப் பின்னால் போயின.

லப்ரொப்பை முதலில் தன் கணக்கில் திறந்து தந்தவன் ரதியின் மகன். திறப்பு அவனிடம்தான் இருக்கும். ரொறன்ரோவில் அப்போது நல்ல சாமம். ஆனாலும் போன் எடுத்தேன். ரதி எடுத்த உடனேயே கேட்டாள், "ஆர் போனது?"

"ஒருத்தரும் போகேல்லையடி. லப்ரொப்பின்ரை திறப்பு வேணும்."

"அக்கா, விடிய அஞ்சு மணிக்கு வேலைக்குப் போறவள் நான். எனக்கு நெஞ்சு நிண்டு போச்சு, தெரியுமோ?"

திட்டி முடித்து மகனை எழுப்பினாள். அவன் நித்திரைக் குரலில் ஆறு ஆறு இலக்கமாக எட்டுத்தரம் வாசித்தான். கொப்பி அண்ணை எழுதினார். பிறகு, "தம்பி, கடைசியில இருந்து முன்னுக்கு ஒருக்கா வாசியும்" என்றார்.

"அங்கிள், அதே நம்பர்தான்."

"அதே எண்டு தெரியத்தான் கேக்கிறன், ராசா."

பனங்கட்டியோடு ஒரு பிளேன்ரீ குடித்தார். பிறகு தலையை ஆட்டினார். தர்சினி என்ரரை அமத்தினாள், சேமித்தாள், மெசின் அணைந்து எழும்பியது. முழுத் திரையும் நீலம். நடுவில் திறப்பைக் கேட்டு ஒரு வெறும் பெட்டி.

"போச்சு" என்றாள் தர்சினி. அவள் கண் நிறைந்துவிட்டது. மனுசன் பேப்பரை மடித்தே வைத்துவிட்டார். பதினெட்டுத் தரம் பொய்க்கு நின்ற நான் இனிப் பயந்து என்ன காண? "அழாமல் விரலை வை" என்றேன் மகளுக்கு. "அண்ணை, வாசியுங்கோ."

கொப்பியைத் திறந்து வாசித்தார். ஒவ்வொரு ஆறு இலக்கத்துக்கும் பிறகு ஒரு மூச்சு. எட்டாவது கட்டம் முடிய, நீலம் போய், தர்சினி வைத்திருந்த நாய்க்குட்டிப் படம் வந்தது. அவள் எங்கேயோ ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். வேர்ச்சுவலைசேசனுக்கு நேரே, போட்டிருக்கு என்று எழுதி இருந்தது. நான் லப்ரொப்பைத் தூக்கிப் பார்த்தேன். பாரம் கூடவில்லை.

நாலு மணிச் சோதினையைத் தர்சினி செய்தாள். இரண்டு கிழமையால் வேலைக் கடிதம் வந்தது. இப்போது அதே மேசையில்தான் அவள் வேலை.

அன்று போகும்போது காசு எவ்வளவு என்று கேட்டோம். கொப்பியில் எழுதிக் காட்டினார், வாங்கவில்லை. "வேலை முடிஞ்சுதெண்டு உங்களுக்கு மனசில படேக்க தாங்கோ. காசு வாங்கினா இந்தப் பக்கத்தைக் குறுக்கால வெட்டிப்போடுவன். அதுக்குப் பிறகு வரமாட்டன். அதுவரைக்கும் மாசம் ஒருக்கா வந்து பாப்பன்."

வருகிறார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்த வரியைத் தர்சினியை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கொப்பியில் ஒரு சரி அடையாளம் போட்டு, பிளேன்ரீ குடித்துவிட்டுப் போவார். தர்சினி இரண்டுமுறை காசை உறையில் போட்டு வைத்தாள். இரண்டுமுறையும் நான் எடுத்து ஒளித்துவிட்டேன். போன மாதம் அவரே கேட்டார்.

"தங்கச்சி, பக்கத்தை வெட்டட்டோ?"

"வேண்டாம் அண்ணை. எனக்கு இன்னும் பயமாக் கிடக்கு."

"ஓம், பயம் நல்லது" என்று கொப்பியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். முகத்தைப் பார்த்தால் சந்தோசமாகத்தான் இருந்தது.

குடுக்கவேண்டியது ஆயிரத்து ஐந்நூறு ரூபா. இன்னும் குடுக்கேல்லை.