சாவி கையில் இருக்க, இன்ஜின் ஓடிய மத்தியானம்

கைப்பேசியில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட எந்த வேலையும் வீடியோ முடிகிற இடம்வரை சரியாகத்தான் போகும். அதற்குப் பிறகு நாமும் கடவுளும்தான். (காஞ்சிபுரத்தில் கடவுளுக்குப் பஞ்சமில்லை என்பதுதான் என் தைரியம்.)

என் பழைய டீசல் காரின் இன்ஜின் செத்துப்போனது. வங்கிக் குமாஸ்தாவான நான், வேறு இன்ஜினை வீட்டு வாசலிலேயே மாட்டிவிடுவதென்று முடிவுசெய்தேன். துணைக்கு என் மனைவி செல்வியின் தம்பி குமரன். ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு பழைய இரும்புக்கடையில் இன்ஜின் கிடைத்தது. அது இருந்த காரின் கூரை உள்ளே அமுங்கிக் கிடந்தது. கண்ணாடியில் காய்ந்த மாலை ஒன்று இன்னும் தொங்கியது.

"ஓட்டுனவரு என்ன ஆனாருங்க?" என்றேன்.

"இன்ஜின மட்டும் பாரு சார்" என்றார் கடைக்காரர்.

திரும்பும் வழியெல்லாம் குமரன் பின்னாலிருந்த இன்ஜினையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

அன்றிரவு தூசு படாமலிருக்க இன்ஜினை வெள்ளை வேட்டியால் மூடி வைத்தோம். காலையில் எதிர்வீட்டு அம்மாள் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, தணிந்த குரலில் செல்வியிடம் கேட்டார்: "எப்பம்மா ஆச்சு?"

செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கென்னவோ அது மூச்சு வுடுற மாதிரியே இருக்குதுங்க" என்றாள். பார்த்தேன். வேட்டி மெல்ல ஏறி இறங்கியது. காற்றுதான் என்றேன். வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிறு மத்தியானம் வேலை ஏறக்குறைய முடிந்தது. காற்று வடிகட்டியை மட்டும் மாட்டவில்லை. குமரன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினான். முதல் திருகிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைப் பெருமையாகப் பார்த்தேன்.

"போதும்பா, நிறுத்து."

இன்ஜின் நிற்கவில்லை.

"நிறுத்துடா!"

"நிறுத்திட்டேன் மாமா!" ஜன்னல் வழியே சாவியை நீட்டிக் காட்டினான். "நான் ஒண்ணும் பண்ணல. அதுவா ஓடிக்கினு இருக்குது!"

ஆக்சிலேட்டரில் யார் காலும் இல்லை. ஆனாலும் யாரோ அழுத்தி மிதிப்பதுபோல் உறுமல் ஏறி ஏறி அலறலானது. பேட்டரி வயரைப் பிடுங்கினேன். அதற்கும் அசரவில்லை. வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. பட்டப்பகலில் எதிர்வீடு மறைந்தது, கேட் மறைந்தது, கடைசியில் குமரனும் மறைந்தான். பக்கத்து வீட்டுத் தறிச்சத்தம் சட்டென்று நின்றது.

"மாமா! யாரோ என்னைப் புடிச்சிக்கினாங்க மாமா!"

(சீட் பெல்ட். போட்டுக்கொள்ளச் சொன்னதும் நான்தான்.)

இது வெடித்தால் உள்ளே இருப்பவன் கதி? வாசற்படியிலிருந்து செல்வி கத்தினாள்: "காத்து போற வழிய அடைங்க! காத்தில்லாம எப்படி ஓடும்?"

காற்றுக்குழாயின் வாயைத் தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். அடைக்க எதுவும் அகப்படவில்லை. இடுப்பிலிருந்த லுங்கியை உருவி, சுருட்டி அழுத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது லுங்கியை விழுங்கியது. கையும் போய்விடுமென்று பயந்து விட்டுவிட்டேன். முனை மறையும்போது ஒரு விக்கல். இன்னொரு விக்கல். பிறகு நிசப்தம்.

அந்த நிசப்தத்தில் காலடிகள் கேட்டன. புகைக்குள் உருவங்கள் ஒவ்வொன்றாக வந்து என்னைச் சுற்றி நின்றன. அப்போதுதான் புகை கலையத் தொடங்கியது. அதுவரை அந்தப் புகைக்கு நடுங்கியவன், இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று அதையே கெஞ்சினேன். கேட்கவில்லை. மஞ்சள் வாத்துப் படம் போட்ட டவுசரோடு, முழுத் தெருவுக்கும் நடுவில் நின்றேன்.

எதிர்வீட்டு அம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். "உசுரோடதான இருக்கப்பா?"

"இருக்கேம்மா."

"அப்ப உள்ள போயி எதனா கட்டிக்கினு வா."

காரணம் பிறகுதான் தெரிந்தது. நானும் குமரனும் ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியாக ஆயில் ஊற்றியிருந்தோம். டீசல் நின்ற பிறகும் மிதமிஞ்சிய அந்த ஆயிலைக் குடித்தே இன்ஜின் ஓடியிருக்கிறது. இன்ஜினும் காருமாக அதே இரும்புக்கடைக்குப் போய்ச் சேர்ந்தன.

அடுத்த தை மாதம் குமரனின் கல்யாணம். ஹோமப் புகை மண்டபத்தை நிறைத்தபோது, மணவறையிலிருந்தே மாப்பிள்ளை கத்தினான்: "அக்கா, மாமா வேட்டியக் கெட்டியா புடிச்சிக்கோ!" சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இன்றைக்கும் கொசுமருந்து அடிக்கிற வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்தால், செல்வி ஜன்னலைச் சாத்துவதற்கு முன் என் இடுப்பைத்தான் பார்க்கிறாள்.