பூனை கழுத்தில் கோழி மணி

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது,

அன்றைக்குக் கொல்லைப்புறத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. நான் இருந்தேன். லாரி ஓட்டப் போகாமல் என் மகன் இருந்தான். துணி காயப்போட்டுக்கொண்டு மருமகள் இருந்தாள். பக்கத்து வீட்டுத் தையல்காரி மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளுடைய சாம்பல் பூனை இருந்தது. என் கறுப்பிக் கோழியும் அதன் குஞ்சுகளும் மற்றக் கோழிகளும் இருந்தன. தோளில் பையை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிச் சொல்லியே போகாமல், நீ இருந்தாய்.

நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் என்னைக் குறை சொல்லாதே. என் சிலேட்டின் மேல் நீ உட்கார்ந்து உடைத்த அன்றோடு நின்றது என் படிப்பு. அதை நான் இப்போது சொல்ல வரவில்லை.

அந்தப் பூனை என் குஞ்சுகளில் எத்தனையைத் தூக்கியது என்பது உனக்குத் தெரியும். மதிலில் முள் வைத்தேன், என் சேலைதான் கிழிந்தது. வலை கட்டினேன், மருமகள் அதில் துணி காயப்போட்டாள். பூனைமேல் தண்ணீர் ஊற்றினேன், அது விலகிக்கொண்டது, தையல்காரி நனைந்தாள், அதற்கு அவள் பேசிய பேச்சை நான் மறக்கவில்லை. கடைசியில் என் மகன், நான் பெற்ற மகன், “அம்மா, இன்னொரு குஞ்சு போச்சுன்னா எல்லாத்தையும் கூண்டுல போட்டுடுவேன், சொல்லிட்டேன்” என்று ஒரு கம்பிக் கூண்டை வாங்கி வந்து என் கண் முன்னால் வைத்துவிட்டான். மண்ணைக் கிளறி, புழு பொறுக்கி, என் காலைச் சுற்றித் திரிகிற கோழி கம்பிக்குள் நின்று என்ன செய்யும்? எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் நீ வந்தாய், யோசனை சொன்னாய்.

“மணி கட்டுங்கக்கா. பூனை வர்றப்பவே சத்தம் கேக்கும், கோழி ஓடி ஒளிஞ்சுக்கும்.”

தையல்காரியும் ஆகட்டும் என்று பூனையைப் பிடித்துக்கொண்டாள். நீ விறுவிறு என்று அடுப்படிக்குப் போனாய், ஆணியில் தொங்கின பழைய ஆட்டு மணியை எடுத்தாய், கட்டினாய். எந்த மணி என்று ஒரு வார்த்தை கேட்டாயா? தீனி போடும்போதெல்லாம் கோழிகளைக் கூப்பிட நான் ஆட்டுகிற மணியடா அது! குழாயடியில் கை கழுவிவிட்டு நான் திரும்புவதற்குள் பூனையைக் கீழே விட்டுவிட்டாய். அது உடம்பை ஒரு உதறு உதறியது. அவ்வளவுதான், என் கோழிகள் எல்லாம் தலையைத் தூக்கின, இறக்கையை விரித்தன, பூனையைப் பார்த்து ஓடி வந்தன. அதைப் பார்த்ததும் “வரேன்க்கா, பஸ் வந்துடும்” என்று பின்கதவு வழியாகப் போனாய். பஸ் முன்பக்கம்தானே வரும்?

நீ பார்க்காததைச் சொல்கிறேன். பூனை பயந்து ஓடியது. ஓட ஓட மணி அடித்தது, மணி அடிக்க அடிக்கக் கோழிகளுக்கு வேகம் கூடியது, பூனை மதிலேறிக் குதித்து, தையல்காரி வீட்டுக்குள் புகுந்து, பரண்மேல் ஏறிக்கொண்டது. கோழிகள் வேலிப் படலைச் சுற்றிக்கொண்டு, நல்ல பிள்ளைகள்போல வரிசையாய் அவள் வீட்டுக்குள் போய், தைத்து அடுக்கிய பள்ளிச் சீருடைகள்மேல் நின்று, தீனி எங்கே என்று அண்ணாந்து பார்த்தன. நான் மருமகளைக் கேட்டேன், “உனக்குத் தெரியாதா அது எந்த மணின்னு?”

“தெரியும் அத்தை. மாமா பெரியவராச்சே, ஏதோ யோசிச்சுத்தான் செய்றாருன்னு நினைச்சேன்.”

நீயாவது, யோசிக்கிறதாவது!

அன்று முதல் பூனை பரணில், யார் கூப்பிட்டாலும் இறங்குவதில்லை. அது அசைந்தால் மணி. மணி கேட்டால் கோழிகள் அவள் வீட்டில். நான் தகரத்தைத் தட்டினேன், கையைத் தட்டினேன், தொண்டை கிழியக் கூப்பிட்டேன், ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தையல் மெஷின் அடியில் தூங்குகின்றன, துண்டுத்துணிக் கூடையில் முட்டை போடுகின்றன. இன்று காலையில் தையல்காரி மதில்மேல் ஒரு கிண்ணத்தை நீட்டி, “சாப்பிடுங்கக்கா, அவிச்ச முட்டை. நம்ம வீட்டுல போட்டது” என்கிறாள். நம்ம வீட்டிலாம்! ஒரு பக்கம் கோணலாய் இருந்தது, கறுப்பி முட்டை, எனக்குத் தெரியாதா?

இரு, என்னமோ சத்தம் கேட்கிறது. பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒன்றுமில்லை, மகன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகிறான். என்னத்துக்கோ. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலியான கொல்லையை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் ஒரு சாக்கோடு புறப்பட்டு வா. நீ கட்டியதை நீயே அவிழ்த்து, அந்தப் பூனையை உன் ஊருக்குக் கொண்டுபோய் உன் மடியில் வைத்துக்கொள். உன் பிள்ளைகுட்டிகளுக்கு என் ஆசீர்வாதம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உன்னால் கோழிகளைப் பறிகொடுத்த அக்கா

பி.கு.: சாக்கு வேண்டாம். வரவும் வேண்டாம். மகன் ஏணி வைத்துப் பரணில் ஏறி மணியை அவிழ்த்துக் கொண்டுவந்துவிட்டான். ஆட்டினேன், கோழியும் குஞ்சும் ஒன்று குறையாமல் வந்து சேர்ந்தன. பூனையும் மெல்ல இறங்கி வந்து மதிலில் உட்கார்ந்தது. கறுப்பியின் குஞ்சு ஒன்று, கட்டைவிரல் பருமன்கூட இல்லை, அதைப் பார்த்து இரண்டடி எடுத்து வைத்தது. பூனை அலறிக்கொண்டு அந்தப் பக்கம் குதித்துவிட்டது. இனி இந்தப் பக்கம் வராது. கூண்டை மகன் திருப்பிக் கொடுக்கப் போகிறான். அதனால் அவனை மன்னித்தேன். முட்டைகளைக் கூடையோடு திருப்பித் தந்த தையல்காரியை மன்னித்தேன். மூஞ்சி சுண்டிப்போன அந்தப் பூனையையும் மன்னித்தேன். ஆனால் மருமகள் சிரித்துக்கொண்டே, “மாமா சொன்னபடியே நடந்துடுச்சே அத்தை!” என்கிறாள். இனி நீ வரும்போதெல்லாம் என் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “அக்கா, உங்க கோழிய யாரு காப்பாத்தினது?” என்று கேட்பாய். என் வாயால் நான் பதில் சொல்ல வேண்டும். ஆகையால் இந்தப் பிறவியில் நான் மன்னிக்காத ஒரே ஆள் நீதான், தம்பி.