பெனால்டியும் மைக் மாமாவும்

கொல்கத்தாவில் கால்பந்து ஆடத் தெரியாதவர்கள் உண்டு. அதைப் பற்றிப் பேசத் தெரியாதவர்கள் கிடையாது. அவர்கள் அத்தனை பேரையும் வாயை மூடிக்கொண்டு கேட்கவைத்த ஒரே தமிழர், எங்கள் லேக் கார்டன்ஸ் மைக் மாமா. வங்காளிகளுக்கு மைக்தா, அதாவது மைக் அண்ணன். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் ஒரு பந்தையும் உதைத்ததில்லை. ஆனால் பேட்டைப் போட்டிகளுக்கு வர்ணனை என்றால் அவர்தான்.

மாமி இதை நம்பவே மாட்டார். "வீட்டுல உப்பு போதுமான்னு கேட்டா தலையாட்டறதோட சரி. இவரா அங்க அப்படிப் பேசறார்?"

பேசினார், திருநெல்வேலி வாடை வீசும் வங்காளத்தில். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "பந்து மெதுவா வருது. நம்ம கோல்கீப்பர் அதைவிட மெதுவா போறார். ரெண்டு பேரும் சந்திப்பாங்களான்னு பார்ப்போம்." சந்திக்கவில்லை. கோல் வாங்கிய கோல்கீப்பரே சிரித்துவிட்டார்.

ஒரு மழைக்கால இறுதியாட்டம். எங்களுக்கும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பேட்டைக்கும். முடியப்போகிற நேரத்தில் நடுவர் எங்களுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தார். ஒல்லியான இளைஞர் அவர். பெனால்டி கூடாது என்று எங்கள் கூட்டமும், கொடுத்தே ஆகவேண்டும் என்று அவர்கள் கூட்டமும் மைதானத்துக்குள் பாய்ந்து அவரைச் சூழ்ந்துகொண்டன. சிலர் கையில் கொடிக்கம்பு.

"மாமா, போலீஸைக் கூப்பிடலாமா?" என்றேன்.

"அவங்க வர்றதுக்குள்ள அந்தப் பையனை அடிச்சுடுவாங்க. இரு" என்று மைக்கை எடுத்தார்.

"இடது பக்கத்துலேர்ந்து பாபன் கம்போட பாஞ்சு வர்றார். ஐயோ, செருப்பு ஒண்ணு சேத்துல நின்னுடுச்சு. திரும்பிப் போறார். அந்தப் பக்கம் கோபால்தா சண்டைக்குச் சட்டையைக் கழட்டறார். தலை மாட்டிக்கிச்சு. இழுத்துவிடறது யாரு? எதிரணிக்காரர். நல்ல மனசு."

கூட்டம் திரும்பி கோபால்தாவைப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள்.

"நடுவர் மட்டும் நின்ன இடத்தைவிட்டு நகரலை. ஆட்டம் முழுக்கவே அவர் அப்படித்தான் இருந்தார்."

இதில் இரண்டு பேட்டைக்கும் முதல்முறையாகக் கருத்து ஒற்றுமை ஏற்பட்டது. சிரிப்பில் கம்புகள் இறங்கின. பெனால்டி அடிக்கப்பட்டது. நாங்கள் தோற்றோம்.

எங்கள் பையன்கள் கோபமாக வந்தார்கள். "மைக்தா, நீங்க சும்மா இருந்திருந்தா ஆட்டமே ரத்தாயிருக்கும்."

"தோத்தது நீங்க. நான் நல்லாத்தான் பேசினேன்" என்றார்.

அவர்கள் போனபிறகு தண்ணீர் கேட்டார். கொடுத்த தம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார். "ரெஃப்ரி பையனுக்கு ஒண்ணும் ஆகலயே? வீட்டுக்குப் போயிட்டானா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

போன குளிர்காலத்தில் மைக் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். இரண்டு பேட்டையும் வந்தது. யாருக்கும் பேச வரவில்லை.

இந்த ஆண்டுப் போட்டிக்கு மைக் வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. நானும் போய் உட்கார்ந்தேன். அருமையான ஆட்டம் என்றார்கள். இருக்கலாம். கடைசிவரை பார்த்தும், மைதானத்தில் என்ன நடந்தது என்று எனக்குத்தான் பிடிபடவில்லை.