மூன்றாவது தசை வரை

அறைக்குள் பேராசிரியையின் குரல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இரண்டாவதாக, நெற்றிப்பொட்டுத் தசை. இது விசிறியின் வடிவம் உடையது. இதன் முன்னிழைகள் தாடையை மேலே தூக்கும். பின்னிழைகள் பின்னுக்கு இழுக்கும்..."

கணவர் கதவைத் தட்டியதும் குரல் நின்றது.

"டீ ஆறிப் போகுது. காருக்கும் சொல்லிட்டேன், இப்ப வந்துடும்," என்றபடி உள்ளே வந்தவர், கோப்பையைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

பேராசிரியை நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். தலை படிய வாரப்பட்டிருந்தது. மூக்குக்கண்ணாடி கோணாமல் இருந்தது. மேசையின்மீது பென்சில்கள் உயர வரிசையில் கிடந்தன. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன, கீழ்த்தாடையைத் தவிர. ஓர் எலுமிச்சம்பழம் தாராளமாக நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது.

"என்னம்மா?"

"ஆ."

"என்ன ஆ?"

"ஆ... ஆ."

முப்பது ஆண்டு மணவாழ்க்கையில் மனைவி இவ்வளவு சுருக்கமாகப் பதில் கூறி அவர் கேட்டதில்லை. கோப்பையை மேசையில் வைத்தார்.

பேராசிரியை மேசையில் கிடந்த கைப்பேசியை எடுத்துப் பைக்குள் போட்டார். படம் வரைந்து பழகுவதற்காக வைத்திருந்த சிலேட்டை இழுத்து, நிதானமாக எழுதினார்: 'தாடை மூட்டு நிலை பெயர்ந்துவிட்டது. வாயை மூட இயலவில்லை.' இரண்டு வாக்கியங்களுக்கும் முற்றுப்புள்ளி வைத்தார்.

"எப்படி? நீ பாட்டுக்குப் பேசிக்கிட்டுத்தானே இருந்தே?"

சுண்ணக்கட்டி ஒரு கணம் தயங்கியது. பிறகு எழுதியது: 'ஒத்திகையின்போது நேர்ந்தது.'

பேராசிரியை பொய் எழுதுபவர் அல்லர்.

பல் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்துவந்த அவர், ஆண்டுதோறும் மிகுந்த மரியாதையோடு நடத்தும் பாடம் மெல்லும் தசைகளைப் பற்றியது. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தாடையம்மா'. அதை அவர் அறிவார். பொருத்தமான பெயர் என்பதால் கண்டிக்கவில்லை. அவர் கண்டித்தது கொட்டாவியை மட்டுமே. கொட்டாவி தானாக வருவதில்லை, விடுகிறவர்தாம் விடுகிறார் என்பது அவருடைய முடிந்த முடிபு. விட்டவர் எவராயினும் உடனே வகுப்பைவிட்டு வெளியேற வேண்டும். சென்ற ஆண்டு அந்தப் பாடம் முடிந்தபோது, உள்ளே இருந்தவர்களைவிட வெளியே நின்றவர்களே அதிகம்.

போன வாரம் கல்லூரி முதல்வர் அவரை அழைத்து, நயமாகத்தான் பேச்சைத் தொடங்கினார்.

"மேடம், அந்தப் பாடத்துக்கு இப்ப ஒரு வீடியோ வந்திருக்கு. கலர் கலரா, நல்லா இருக்கு. பிள்ளைங்களும் முழிச்சுக்கிட்டிருப்பாங்க."

"அதில் விளக்கம் சொல்வது யார்?"

"கம்ப்யூட்டர்தான்."

பேராசிரியை எழுந்து நின்றார். "என் வகுப்பில் நீங்களே வந்து அமருங்கள். நான்கு தசைகளையும் முழுமையாக நடத்துகிறேன். இந்தப் பாடத்துக்கு ஒரே ஒருவர் கொட்டாவி விட்டாலும், பாடத்தை நானே விட்டுவிடுகிறேன்."

அந்த வகுப்புத்தான் இன்று காலை. வாயோ திறந்தபடி நின்றுவிட்டது.

காரணம் அவருக்கு நன்றாகத் தெரியும். தாடையை மூடுவதற்கு மூன்று இணைத் தசைகள் உண்டு: கன்னத் தசை, நெற்றிப்பொட்டுத் தசை, உட்சிறகுத் தசை. திறப்பதற்கு முன்னிற்பது நான்காவதான வெளிச்சிறகுத் தசை. அது தாடையெலும்பின் மேல்முனையை மூட்டிலுள்ள ஒரு சிறு மேட்டுக்கு அப்பால் இழுத்துவிட்டது. இனி மூடும் தசைகள் மூன்றும் எவ்வளவு இறுகினாலும், முனை அந்த மேட்டைத் தாண்டித் திரும்பாது. நோயைப் பிழையின்றி விளக்க அவரால் முடியும். தீர்ப்பது வேறு துறை.

முதலில் வெந்நீர்த் துணி. இறுகிய தசை சூட்டில் தளரும் என்று எழுதிக் காட்டினார். கணவர் பிழியாத துணியைக் கன்னத்தில் அப்பினார். தசை தளரவில்லை, வகுப்புக்கென்று விறைப்பாகத் தேய்த்து அணிந்திருந்த உடை மட்டும் நனைந்து தளர்ந்தது. திறந்த வாயின் எச்சிலும் அதனோடு சேர்ந்துகொண்டது.

கணவர் மாடியைப் பார்த்துத் தங்கையை அழைத்தார். நாத்தனார் இறங்கி வந்தார், பார்த்தார், வாசலிலேயே நின்று மூச்சை இழுத்துக்கொண்டார்.

"அண்ணி! நீங்க வாயைத் திறந்து வச்சுக்கிட்டிருக்கீங்க, பேச்சு என்னுதா இருக்கு. இப்படி ஒரு நாள் வரும்னு யாராவது சொல்லியிருந்தா நம்பியிருப்பேனா?"

"ஆ," என்றார் பேராசிரியை.

"திட்டறாங்களா அண்ணா?"

"இப்போதைக்குத் தெரியாது. எழுதினாத்தான் தெரியும்."

பேராசிரியை எழுதியது திட்டு அன்று, செய்முறை. எதிரில் நிற்க வேண்டும். இரு கட்டைவிரல்களையும் கீழ்க் கடைவாய்ப் பற்களின்மீது வைக்க வேண்டும். தாடையை முதலில் கீழேயும் பிறகு பின்னாலும் அழுத்த வேண்டும். சிலேட்டின் முன்பக்கம் நிறைந்துவிட்டதால் திருப்பி எழுதினார். நாத்தனார் அதை வாங்கி, முன்பக்கத்தை அண்ணனுக்குக் காட்டியபடி பிடித்துக்கொண்டார்.

"வலிச்சா கையைத் தூக்கு," என்றார் கணவர். விரல்களை வைத்தார். கண்களை மூடிக்கொண்டு அழுத்தினார்.

'டொக்' என்று ஓர் ஓசை. தாடை சட்டென்று தன் இடத்தில் போய் அமர்ந்தது. வாய் மூடிக்கொண்டது. இடக் கட்டைவிரல் தப்பியது. வலக் கட்டைவிரல் உள்ளேயே இருந்தது.

வீட்டில் முதன்முறையாகக் கணவரின் குரல் உயர்ந்தது.

நாத்தனார் அப்போதுதான் சிலேட்டைத் திருப்பினார். "அண்ணா, பின்னாடியும் எழுதியிருக்காங்க. 'முன்னதாக விரல்களுக்குத் தடித்த துணி சுற்றவும். தாடை அமர்ந்த கணமே விரல்களை வெளியே எடுக்கவும்.'"

"இதை முன்னாடியே படிச்சிருக்கக் கூடாதா!"

"அண்ணி எழுதினா அடி முதல் நுனி வரைக்கும் படிக்கணும்னு உனக்குத்தான் தெரியணும். சரி, விரலை எடு."

"அவ விடலையே!"

"கடிக்கிறாங்களா?"

"கடிக்கலை. மூடியிருக்கா."

பேராசிரியை சிலேட்டைக் கேட்டு வாங்கினார். கணவரின் கை முகத்தின் குறுக்கே நின்றதால் சற்றுச் சாய்ந்து எழுத நேர்ந்தது. ஆயினும் வரி கோணவில்லை. 'திறந்தால் மீண்டும் நிலை பெயரக்கூடும். திறக்க மாட்டேன்.'

"அப்ப என் விரல்?"

'பொறுக்கவும்.'

கார் வந்தது. இருவரும் பின்னிருக்கையில் ஒட்டி அமர்ந்தார்கள்; வேறு வழி இல்லை. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். தெருமுனையில் மறுபடியும் பார்த்தார்.

"சார், வீட்டுல ஏதும் சண்டைங்களா?"

"சண்டைன்னா இவ்வளவு பக்கத்துல உக்காருவோமாப்பா? நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு. பள்ளத்துல மட்டும் மெதுவா."

கல்லூரி வளாகத்திலேயே தாடைச் சிகிச்சைப் பிரிவு இருந்தது. அங்கிருந்த இளம் டாக்டர் பேராசிரியையைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். ஒரு காலத்தில் அவரிடம் படித்தவர்.

"நீங்க உக்காருங்க டாக்டர், நாங்கதான் நோயாளி," என்றார் கணவர்.

"இல்ல சார், மேடம் முன்னாடி உக்கார வரலை. மெல்லும் தசை வகுப்புல மூணாவது தசை நடத்தும்போது ஒரு கொட்டாவி விட்டுட்டேன். வெளியே அனுப்பிட்டாங்க. நாலாவது தசையை ஜன்னல் வழியாத்தான் கத்துக்கிட்டேன்."

பேராசிரியை நினைவு வந்ததாகத் தலையசைத்தார். கணவரின் கையும் சேர்ந்து அசைந்தது.

டாக்டர் இரு கன்னங்களையும் மெல்லத் தடவி, இறுகிய தசையைத் தளர்த்தினார். தாடை ஓர் அரிசிமணி அளவு இறங்கியது. விரல் வெளியே வந்தது. அது வீங்கி, நீலம் பாரித்து, பற்களின் வரிசையை ஒழுங்காகப் பதித்துக்கொண்டிருந்தது.

"இது எப்படி ஆச்சு மேடம்? பெரும்பாலும் கொட்டாவி விடும்போதுதான்..."

பேராசிரியை நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டார்.

"ஒத்திகையில," என்றார் கணவர் தன் விரலைப் பார்த்தபடி.

மோவாய்க்கு அடியிலிருந்து உச்சந்தலை வரை டாக்டர் பட்டைத் துணியால் இறுகக் கட்டினார். கணவரின் விரலுக்கும் ஒரு கட்டுப் போட்டார். "நாளைக் காலை வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது மேடம். பேசவே கூடாது. இன்னொரு தடவை நழுவினா கஷ்டம்."

வகுப்பு தொடங்கும் நேரம் ஆகிவிட்டிருந்தது.

"முதல்வர்கிட்ட நான் சொல்லிடறேன், இன்னொரு நாள் வச்சுக்கலாம்," என்றார் கணவர்.

'இன்னொரு நாள் என்றால் வீடியோ.' பேராசிரியை எழுதினார். 'பாடம் இன்றே நடக்கும்.'

கணவர் யோசித்தார். "அப்ப ஒண்ணு பண்ணு. உன் போன்லதான் பாடம் பூரா பதிவு பண்ணி வச்சிருக்கியே, அதைப் போட்டு விட்டுடலாம். உன் குரல்தானே?"

பேராசிரியை பையை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு ஒரு கையை மட்டும் விடுவித்து, 'வேண்டாம்' என்று எழுதி, அதன் அடியில் மூன்று கோடுகள் இழுத்தார். மூன்றாவது கோட்டில் சுண்ணக்கட்டி ஒடிந்தது.

அவர் மேடை ஏறியபோது வகுப்பறையில் ஒரு சலசலப்பு எழுந்து உடனே அடங்கியது. முன்வரிசையில் முதல்வர். கடைசி வரிசையில், வேடிக்கை பார்க்க வந்த டாக்டர். கரும்பலகையின் அருகே, என்ன செய்யப் போகிறோம் என்பதே தெரியாமல், கணவர்.

பேராசிரியை அவரை ஒரு நாற்காலியில் அமர்த்தினார். தம் பையிலிருந்த மதிய உணவுப் பெட்டியைத் திறந்து, ஒரு பச்சைக் கேரட்டை எடுத்து வாயில் கொடுத்தார். கரும்பலகையில் 'மெல்லவும்' என்று எழுதினார்.

கணவர் மென்றார். அந்த அமைதியில் கேரட் நொறுங்கும் ஓசை கடைசி வரிசை வரை சென்றது. பேராசிரியை சிவப்புச் சுண்ணக்கட்டியால் அவர் கன்னத்தில் ஒரு சதுரம் வரைந்தார். மெல்லும்போதெல்லாம் அந்தச் சதுரம் புடைத்தது. மாணவர்களைப் பார்த்துத் தம் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அத்தனை கைகளும் அத்தனை கன்னங்களுக்குச் சென்றன.

"ஏய், துடிக்குதுடா!" என்றான் ஒருவன்.

அந்தத் தசையின் வலிமைக்குச் சான்று வேண்டுமே! பேராசிரியை கணவரின் கட்டுப்போட்ட கட்டைவிரலைப் பிடித்து உயர்த்தி, கட்டை அவிழ்த்து, வரிசை வரிசையாகக் காட்டிவிட்டு வந்தார். கணவரும் பின்னாலேயே நடந்தார், விரல் அவருடையது. முன்வரிசைப் பெண் ஒருத்தி, "அடேங்கப்பா! அங்கிள், ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டாள்.

"பாடத்தைக் கவனிம்மா," என்றார் கணவர்.

நெற்றிப்பொட்டில் நீல விசிறி. தாடையின் கோணத்துக்கு உட்புறம் விரல் வைத்து மூன்றாவது தசை. முதல்வரும் தம் தாடைக்கு அடியில் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். இறுதியாக நான்காவது. பேராசிரியை கணவரை விட்டுவிட்டுத் தம் கட்டின் பக்கவாட்டைத் தொட்டார். கரும்பலகையில் எழுதினார்: 'வெளிச்சிறகுத் தசை. திறப்பது இது. அளவு மீறினால், இது.' தம் முகத்தைச் சுற்றி ஒரு முறை விரலால் வட்டமிட்டுக் காட்டினார்.

எவரும் சிரிக்கவில்லை. எவரும் அசையவில்லை. மணி அடித்தபோதும் கைகள் கன்னங்களிலேயே இருந்தன. பிறகு, சேர்ந்தாற்போலக் கைதட்டல்.

முதல்வர் மேடைக்கு வந்தார். "ஒரு கொட்டாவி இல்லையே மேடம்! நான் ஒவ்வொரு முகமா பார்த்துக்கிட்டே இருந்தேன். உங்க சவால்ல ஜெயிச்சுட்டீங்க. பாடம் உங்களுக்குத்தான், வீடியோவைத் திருப்பி அனுப்பிடறேன்." சற்றுத் தயங்கி, "ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷமும் இந்தக் கட்டோடவே எடுங்க," என்றார்.

பேராசிரியை பதில் கூற வாய் திறக்கப் போனார். கட்டு விடவில்லை.

கணவர் கன்னத்துச் சுண்ணத்தைத் துடைத்தபடி கடைசி வரிசைக்கு வந்து அமர்ந்தார். டாக்டர் அவிழ்ந்த கட்டைச் சரிசெய்தபடியே தணிந்த குரலில் கேட்டார்.

"சார், யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நிஜமாவே ஒத்திகையிலதான் தாடை நழுவுச்சா?"

கணவர் மேடையில் மாணவர்கள் சூழ நின்ற மனைவியைப் பார்த்தார். கணவரின் முகத்தில் பெருமிதம்தான் இருந்தது.

"ஒத்திகைதான் டாக்டர், பதிவு பண்ணின பாடத்தைப் போன்ல போட்டுக் கேட்டுக்கிட்டிருந்தா. நீங்களாவது மூணாவது தசை வரைக்கும் தாக்குப்பிடிச்சீங்க, இவ ரெண்டாவதுலேயே கொட்டாவி விட்டுட்டா."