ஓரிக்கை வாசலில் இறங்கிய தேவதையின் மூக்கு பற்றி

ஓரிக்கை,
டிசம்பர் 22.

பெருமதிப்பிற்குரிய மச்சான் சந்தோஷ்குமார் அவர்களுக்கு, தங்கள் தங்கை லில்லியின் கணவன் பூவராகவன் பணிவன்போடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அரக்கோணத்தில் தாங்களும் கிரேஸ் அக்காவும் பிள்ளைகளும் கர்த்தர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். (கர்த்தர் கிருபையால் என்பதை நானாகத்தான் எழுதினேன், லில்லி சொல்லிக்கொடுக்கவில்லை.) நான் போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை, வாட்ஸாப்பில் அனுப்பினால் நீல டிக்கோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். ஆகவே கூரியரில் இந்தக் கடிதம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் அன்று மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக லில்லியிடம் சொன்னீர்கள் அல்லவா, தயவுசெய்து வராதீர்கள். பொங்கலுக்கு வாருங்கள், அல்லது ஈஸ்டருக்கு வாருங்கள், இந்தக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வராதீர்கள். லில்லிக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கல்யாணத்தில் பந்தி முடிவதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு, "பேர்லயே பெருமாள வெச்சுக்கினு இருக்கிற ஆளு வூட்ல எனக்கு இன்னா வேலை" என்று சொல்லிக் கிளம்பியவர் தாங்கள். அதற்குப் பிறகு எங்கள் வாசற்படி தங்கள் காலைப் பார்த்ததே இல்லை. லில்லிதான் வருஷா வருஷம் அரக்கோணம் வந்து கேக் சாப்பிட்டுவிட்டு, திரும்பும்போது ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவாள். இந்த வருஷம் என்ன தோன்றிற்றோ, தாங்களே வருவதாகச் சொன்னீர்கள். "ஆனா ஒண்ணு, வாசல்லயே கிறிஸ்துமஸ் தெரியணும், இல்லன்னா தெருவோட திரும்பிடுவேன்" என்றும் சொன்னீர்களாம். அன்றைக்கே லில்லி வீட்டை ஒட்டடை அடிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை, என்னைக் கட்டிக்கொண்ட நாள் உட்பட.

கடையில் ஒரு ஸ்டார் வாங்கித் தொங்கவிட்டால் போதும் என்றுதான் அவள் சொன்னாள். நான் கேட்கவில்லை. மச்சான் வருகிறார், ஒற்றை ஸ்டாரைத் தொங்கவிட்டு அவமானப்படுவதா என்று, தேவதை, தாத்தா, வண்டி இழுக்கிற மான் எல்லாவற்றையும் வாசலில் நானே செய்து நிறுத்துவதாகச் சவால் விட்டேன். மின்வாரியத்தில் வேலை பார்த்தவன்தான், ஆனால் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்தவன். மீட்டருக்கு அந்தப் பக்கம் கரண்ட் என்ன செய்கிறது என்று எனக்கு எப்போதுமே தெரியாது. அதனால் கோயில் திருவிழாவுக்கெல்லாம் சீரியல் செட் போடுகிற நம்ம ராஜவேலுவைக் கூப்பிட்டேன். அவர் வந்து வாசலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தேவதைன்னா இன்னா சார், றெக்கை இருக்கணும், பறக்கணும், அவ்ளோதானே? நம்ம ஷெட்டுல ரெடியா இருக்குது" என்றார். சீரியல் பல்பு பதித்த பெரிய பிளைவுட் பலகை ஒன்று ஆட்டோவில் வந்து இறங்கியது. அது வைகாசி கருட சேவைக்குத் தெருமுனையில் நிறுத்துகிற கருடாழ்வார். பல்பைத் தொட்டால் மொத்த லைனும் போய்விடும், மேலே துணி சுற்றிக்கொள்ளலாம் என்று ராஜவேலு சொன்னார். லில்லியின் வெள்ளைப் புடவையைச் சுற்றி, கிரீடத்தை மறைத்து, மூக்கின்மேல் அட்டையில் வரைந்த ஒரு முகத்தை ஒட்டினோம். பகலில் பார்த்தால் சத்தியமாகத் தேவதைதான் மச்சான், கொஞ்சம் தோள் அகலமான தேவதை.

மான் என் சொந்தத் தயாரிப்பு. பிவிசி பைப்பை வளைத்து, கட்டுக்கம்பி சுற்றி, கொம்புக்குக் கருவேல மரக் கிளை வைத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் ஆடு நல்லா வந்திருக்கு என்றார்கள். தாத்தாவுக்கு முகம் செய்யத் தெரியவில்லை. புது வீடு கட்டும்போது தொங்கவிடுகிற திருஷ்டி பொம்மை முகம் ஒன்றை வாங்கி, மீசைக்கு வெள்ளையடித்து, பிள்ளையார்பாளையத்திலிருந்து கழிவுப் பட்டுநூல் கொண்டுவந்து தாடி ஒட்டினேன். அங்கேயே சாயப் பட்டறையில் கெஞ்சி, ஒரு வேட்டியைச் சிவப்பில் முக்கி வாங்கிவந்து கோட்டு தைத்துப் போட்டேன். அன்று மாலையே தூறல் பிடித்துக்கொண்டது. எட்டு முழத்துக்கும் சாயம் இறங்கி, தாடியெல்லாம் வெற்றிலை போட்டுத் துப்பின மாதிரி ஆகிவிட்டது. கோரைப்பல் இரண்டும் அப்படியே இருந்தன. எதிர்வீட்டு நதியா, "இன்னா அங்கிள், யாரு கண்ணு பட்டுச்சுன்னு இம்மாம் பெரிய பொம்ம?" என்று கேட்டது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இருட்டிய பிறகு ராஜவேலு ஸ்விட்சைப் போட்டார் பாருங்கள், புடவையும் காணோம், அட்டை முகமும் காணோம். இருட்டில் பலகை தெரியாது, பல்பு மட்டும்தான் தெரியும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. றெக்கையை விரித்து, கையைக் கூப்பி, கூர்மூக்கோடு கருடாழ்வார் ஜெகஜ்ஜோதியாக எழுந்தருளிவிட்டார். றெக்கை இரண்டு தடவை அடிக்கிறது. அப்புறம் நெற்றியில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று நாமம் எரிகிறது. மறுபடியும் றெக்கை அடிக்கிறது. நான் ராஜவேலுவைப் பார்த்தேன். "புரோகிராம் அப்டி சார்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான், என்னோடு ஆபீஸில் இருந்த சின்னக் காஞ்சிபுரத்துச் சம்பத்குமார் சார் ஷேர் ஆட்டோவில் போனவர், பாதி வழியில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பூவராகவா, மார்கழி மாசத்துல என்ன ஒரு சேவை! பக்கத்துல தாடியோட யாரு, ரிஷியா? மான் வேற நிக்கறதே, அப்போ ரிஷியேதான்" என்று அவரே கேட்டு அவரே முடிவும் செய்தார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஏழெட்டுப் பேர் கை கூப்பி நின்றார்கள். நம்ம ஊரைத் தெரியாதா உங்களுக்கு, விளக்கு வெளிச்சத்தில் றெக்கை அசைந்தால் கை தானாகக் கூம்பிவிடும். யாரோ தேங்காய் உடைத்தார்கள். யாரோ மானின் மூக்குக்குக் கீழே சூடம் ஏற்றியதில் பைப் உருகி, இப்போது அது ஆடு மாதிரியும் இல்லை. நான் ஓடிப்போய் ஸ்விட்சில் கை வைத்தேன். பின்தெரு இந்திராணியம்மா, "இன்னாபா நீ, சேவிச்சுக்கினு இருக்கோம், வெளக்க அணைக்கிற? நல்லா இருப்பியா நீ?" என்று போட்ட போட்டில் கையை எடுத்துவிட்டேன். மறுநாள் வரிசையே வந்துவிட்டது. வரிசையை ஒழுங்குபடுத்துவதும் அதே இந்திராணியம்மாதான்.

லில்லி அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "வாசலுக்கு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பறதா?" என்று கேட்டு, உங்களுக்காகச் செய்துவைத்திருந்த பிளம் கேக்கைத் துண்டு போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். அதைப் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். சம்பத்குமார் சார் மட்டும் முட்டை போட்டதா என்று விசாரித்து, போட்டது என்றதும், சேவித்ததே போதும் என்று சொல்லிவிட்டார். ஆக, தங்களுக்குக் கேக்கும் இல்லை.

இதையெல்லாம் நதியா வீடியோ எடுத்து, "கிறிஸ்துமஸ் கருடன்" என்று பெயர் வைத்து, ஊரெல்லாம் அனுப்பிவிட்டது. நேற்று லில்லி போனிலிருந்தே அது தங்களுக்கும் போய், இரண்டு நீல டிக் விழுந்திருப்பதைப் பார்த்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். தங்கள் சாமியை நான் கேலி செய்துவிட்டதாகத்தான் நினைப்பீர்கள். ஆண்டவர் மேல் ஆணை, கருடாழ்வார் மேலும் ஆணை, மரியாதையாகத்தான் செய்ய நினைத்தேன், எனக்குக் கை வரவில்லை. தாங்கள் வந்து, வாசலைப் பார்த்துவிட்டு, சொன்னபடி தெருவோடு திரும்பிவிட்டால் லில்லி தாங்கமாட்டாள். வரவில்லை என்றால் ஒரு நாள் வருத்தப்படுவாள். வந்து திரும்பினால் ஆயுசுக்கும் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் காய்ச்சல் என்று ஏதாவது சொல்லி, வராதீர்கள்.

கிரேஸ் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. தங்கள் சாமியும் எங்கள் சாமியும் தங்கள் குடும்பத்தை ஷிப்டு போட்டுக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்புக்கு ஆசைப்படும்
பூவராகவன்

பி.கு.: இந்தக் கடிதத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கூரியர் கடைக்குக் கிளம்பினேன். வாசலைத் தாண்ட முடியவில்லை, வரிசை. வரிசையில் தாங்கள்! என்னை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் ரயில் ஏறியதாகப் பிறகு சொன்னீர்கள். ஆனால் இந்திராணியம்மா, "செருப்ப அங்க வுட்டுட்டு லைன்ல வாப்பா" என்றதும் எப்படி மச்சான் பேசாமல் கழற்றினீர்கள்? வரிசையில் நின்றுகொண்டே கோபப்படுவது கஷ்டம் போலிருக்கிறது, நகர நகர இறங்கிவிடுகிறது. லில்லி குனிந்த தலை நிமிராமல், வரிசையில் நீண்ட ஒவ்வொரு கையிலும் புதிதாகச் சுட்ட கேக்கை வைத்துக்கொண்டே வந்தாள். சர்ச்சில் அப்பம் வாங்குகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கை வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தைப் பார்க்காமலே "அண்ணா" என்றாள். அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் அழுததில் பின்னால் நின்றவர், "அழுவறதுன்னா ஓரமா நின்னு அழுவுங்கமா, லைன் நவுரணும்" என்றார்.

இப்போது தாங்கள் ஏணி மேல் நின்றுகொண்டு, தேவதையின் மூக்கை அறுத்தே தீருவேன் என்று ராஜவேலுவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வைகாசிக்கு அந்த மூக்கு வேண்டும் என்று அவர் தங்கள் காலைப் பிடித்துத் தொங்குகிறார். லில்லி உள்ளே வடை தட்டிக்கொண்டே பாடுகிறாள். அவளுக்குப் பாட வரும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். காலையில் முதல் ரயிலுக்குக் கிளம்புவதாக அவளிடம் சொன்னீர்களாம், அதைச் சொல்லும்போது மட்டும் பாட்டு நின்றது. தங்கள் சட்டை உள்ளே ஆணியில் தொங்குகிறது, இதை அதன் பையில் வைக்கிறேன், காலையில் போட்டுக்கொள்ளும்போது கையில் அகப்படும். மேலே கடிதத்தில் "வராதீர்கள்" என்று எழுதியிருக்கிற இடத்தில் எல்லாம் "போகாதீர்கள்" என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.